மறதி என்னும் பழி: வட ஆற்காட்டில் கருத்தடை மாத்திரை

கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், நம் ஊர்ப்பக்கம் அவளிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி “எத்தனை நாள் மறந்தே?” என்பதுதான். மாமியார் அதைக் கேட்பார், கணவன் அதைக் கேட்பான், ஆஸ்பத்திரியிலும் பல நேரம் அதுவே கேட்கப்படும். அட்டை நேரத்துக்குக் கைக்கு வந்ததா, வேறு மருந்து ஏதும் சேர்ந்து அதைக் கெடுத்ததா, வாந்தி பேதி இருந்ததா என்ற கேள்விகள் பின்னால் வரும். பெரும்பாலும் வராமலே போகும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. இங்கே மூன்று தலைமுறைப் பெண்களின் உடலைப் பற்றிய முடிவுகள் அந்த முதல் கேள்வியில் அடங்கியிருக்கிற எண்ணத்தின் மேல்தான் எடுக்கப்பட்டன. ஏழைப் பெண் மறப்பாள், அவளை நம்பித் திட்டம் போட முடியாது என்பதே அந்த எண்ணம். அது சோதித்துக் கண்ட உண்மை அல்ல, சோதனைக்கு முன்பே எடுத்துவைத்த முடிவு என்பதைக் கருத்தடையின் வரலாறே காட்டுகிறது. மாத்திரை தோற்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பழி ஓரிடமும் பாவம் ஓரிடமுமாக இருப்பது தெரியும்.

சென்னை மாகாணத்தில் கருத்தடை பற்றிய பேச்சு மாத்திரை வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. கருத்தடை பற்றிய சிறு நூலை மறுபதிப்பு செய்ததற்காக 1877இல் லண்டன் நீதிமன்றத்தில் சார்லஸ் பிராட்லாவோடு நிறுத்தப்பட்ட அன்னி பெசன்ட், பின்னாளில் அடையாற்றுக்கு வந்து குடியேறினார். அதற்குள் பிரம்மஞான நம்பிக்கையால் அந்தக் கருத்தையே கைவிட்டிருந்தார். 1882இல் சென்னையில் இந்து மால்தூசியன் சங்கம் தோன்றியது. 1920களின் இறுதியில் சென்னை நியோ மால்தூசியன் சங்கம் அமைந்தது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வேபா ராமேசம் அதன் முன்னணியில் நின்றார். இந்தச் சங்கங்களில் இருந்தவர்கள் படித்த மேல்தட்டு ஆண்கள். நாட்டின் வறுமைக்குக் காரணம் ஏழைகள் அதிகம் பெறுவது என்பது அவர்கள் கணக்கு. அதே ஆண்டுகளில் பெரியார் வேறொரு கணக்கை வைத்தார். ‘குடி அரசு’ இதழிலும், 1936இல் வந்த ‘கர்ப்ப ஆட்சி’ நூலிலும், கருத்தடைக்கு அவர் சொன்ன முதற்காரணம் பெண்ணின் விடுதலை. நாட்டின் வறுமையும் குடும்பச் செலவும் மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் என்று அவற்றிலிருந்து தம் நிலையைப் பிரித்துக் காட்டினார். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்ற வாதமும், பெண் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரோ குறைக்க வேண்டும் என்ற வாதமும் ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் இருந்தன. சுதந்திர இந்தியாவின் அரசு இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட விதம் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே தெரிகிறது. அதன் ஆணையர் ஆர். ஏ. கோபாலசுவாமி, மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதை முன்யோசனையில்லாத தாய்மை என்று வகைப்படுத்தினார். குற்றம் தாயின் பெயரில் எழுதப்பட்டது. தந்தைக்கு அந்த வகைப்பாட்டில் இடமில்லை. 1952இல் உலகிலேயே முதன்முதலாக ஒரு நாட்டின் அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் கொள்கையாக அறிவித்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. செயற்கைக் கருத்தடையை ஏற்காதவர். எனவே உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய ஆப்ரகாம் ஸ்டோன் என்ற மருத்துவரின் யோசனைப்படி, நாள் பார்த்து விலகியிருக்கும் முறை மைசூர் மாநிலத்து ராமநகரத்தில் சோதிக்கப்பட்டது. பெண்களுக்கு வண்ண மணிகள் கோத்த மாலைகள் தரப்பட்டன. நாளுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும், ஒரு நிறம் வந்தால் சேரலாம், இன்னொரு நிறம் வந்தால் விலக வேண்டும். முறை பலிக்கவில்லை. மாதவிலக்குச் சுற்று பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதாலும், விலகி இருக்கும் முடிவு மனைவியின் கையில் இல்லாததாலும் அது பலித்திருக்கவும் முடியாது. ஆனால் திட்டக்காரர்கள் நினைவில் தங்கியது வேறு கதை: மாலையைப் போட்டுக்கொண்டாலே போதும் என்று பெண்கள் நினைத்தார்கள், மணிகளை ஒரே நாளில் தள்ளிவிட்டார்கள் என்பது. படிக்காதவளுக்கு எண்ணத் தெரியாது என்ற தீர்ப்பை அந்தக் கதை எழுதிவிட்டது. முறையின் தோல்வி பெண்ணின் தோல்வியாக மாறிய முதல் பெரிய நிகழ்வு இதுதான்.

தீர்ப்பு வந்த பிறகு தண்டனையைப் போலக் கருத்தடை அறுவை வந்தது. கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலரானார்; 1950களின் பிற்பகுதியில் இந்த மாநிலமே ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு முப்பது ரூபாயும், அழைத்து வருபவருக்குத் தனியே ஒரு தொகையும் கொடுக்கும் வழியைத் திறந்துவைத்தது. முதலில் ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். 1965இல் கருப்பைக்குள் வைக்கும் லிப்பஸ் லூப் வந்தது. ரத்தப்போக்கும் வலியும் கண்ட பெண்களுக்குப் பின்கவனிப்பு கிடைக்காததால் சில ஆண்டுகளில் அதன் பெயர் கெட்டது. ஆண்களைக் கட்டாயப்படுத்தி ஆபரேஷன் செய்த 1975இன் நெருக்கடிநிலை முடிந்தபோது, நாடு முழுவதும் ஆண்களுக்கான ஆபரேஷன் அரசியல்வாதிகள் தொட அஞ்சும் ஒன்றாகிவிட, சுமை பெண்கள் பக்கம் சாய்ந்தது. பிரசவத்துக்கு வந்த இடத்திலேயே இரண்டாவது பிள்ளையோடு ஆபரேஷனை முடித்து அனுப்புவது வழக்கமாயிற்று. 1996இல் இலக்கு முறை கைவிடப்படும் வரை கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை எத்தனை ‘கேஸ்’ பிடித்தார் என்பதாலேயே அளக்கப்பட்டது. ஆபரேஷன் ஒரு ‘கேஸ்’. மாதம் ஓர் அட்டை மாத்திரையோடு வீடு தேடிப் போவதற்கு அந்தக் கணக்கில் அவ்வளவு மதிப்பில்லை. விளைவு இன்றும் கண்ணுக்கு முன் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 58 விழுக்காட்டை ஒட்டியவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மாத்திரையின் பங்கு 5 விழுக்காடு.

மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் அதன் தோல்வியைத் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். கிரிகரி பிங்கஸும் ஜான் ராக்கும் 1956இல் புவெர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய சோதனையில், கருத்தரித்தவர்களைக் கணக்கெடுக்கும்போதே மாத்திரையைத் தவறவிட்டவர்களைத் தனியே பிரித்து வைத்தார்கள். மருந்தின் பெயர் கெடாமல் காத்ததும், கருத்தரித்தவளை மறதிக்காரி என்ற கூண்டில் நிறுத்தியதும் அந்தப் பிரிப்புதான். 1960இல் அமெரிக்காவில் ‘எனோவிட்’ கருத்தடைக்கு அனுமதி பெற்றது. சில ஆண்டுகளிலேயே இன்னொரு பாடம் கிடைத்தது. மாத்திரைகள் அப்போது மற்ற மருந்துகளைப் போலவே புட்டியில் உதிரியாக வந்தன; இன்றைக்குச் சாப்பிட்டாயிற்றா என்று படித்த அமெரிக்கப் பெண்களுக்கே தெரியாமல் போனது. இல்லினாய்ஸைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், தம் மனைவியின் மாத்திரையைச் சுற்றி வீட்டில் எழுந்த இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, கிழமை காட்டும் வட்டப் பெட்டி ஒன்றைச் செய்து 1964இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் கிழமை அச்சிட்ட அட்டைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மறதி என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி பொருளின் அமைப்பில் இருந்த குறை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை. அமெரிக்கப் பெண் மறந்தபோது பெட்டியை மாற்றினார்கள். ராமநகரத்துப் பெண் மணியைத் தவறாக நகர்த்தியபோது பெண்ணை நம்புவதை விட்டார்கள்.

மருந்தின் அளவும் மாறியது. எனோவிட்டின் முதல் மாத்திரையில் 9.85 மில்லிகிராம் புரோஜெஸ்டின் இருந்தது. கூடவே 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். அரசு இலவசமாகத் தரும் மாலா என் மாத்திரையில் இருப்பது 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடியாலும். 1960களின் இறுதியில் ரத்தக்கட்டு ஆபத்து தெரியவந்த பிறகு அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பெண்களின் உயிரைக் காத்த நல்ல மாற்றம் அது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பழைய பெரிய அளவு தாங்கிய தவறுகளை இன்றைய சிறிய அளவு அந்த அளவுக்குத் தாங்காது. பாதுகாப்பான மாத்திரை ஒழுங்கை அதிகம் கேட்கும் மாத்திரையாகவும் ஆயிற்று. அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டியவளுக்கு மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்ற விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். வழக்கமாகக் கிடைத்தது ‘தினம் ஒண்ணு போடு’ என்ற ஒரு வரி.

மாலா என் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளக்கம் எங்கே தேவைப்படுகிறது என்பது புரியும். அட்டையில் 28 மாத்திரைகள். 21 வெள்ளை, அவற்றில்தான் மருந்து. மீதி ஏழு நிறம் வேறான இரும்புச்சத்து மாத்திரைகள். தொடர்ந்து ஏழு நாள் வெள்ளை மாத்திரை உள்ளே போனால் சூலகம் அடங்குகிறது. ஏழு நாள் வரை மருந்தில்லாமல் இருந்தாலும் அந்த அடக்கம் தாங்குகிறது. அதற்கு மேல் போனால் முட்டை வளர்ந்து வெளிப்படும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே நடு அட்டையில் ஒரு நாள் விட்டால் ஆபத்து குறைவு. இரும்புச்சத்து மாத்திரையை விட்டால் கருத்தடைக்குக் கேடே இல்லை. உண்மையான ஆபத்து அட்டையின் முதல் சில வெள்ளை மாத்திரைகளிலும், கடைசி வெள்ளை மாத்திரைகளிலும், எல்லாவற்றையும்விடப் புதிய அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதிலும் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை தீர்ந்துபோய், செவிலியர் மூன்று நாள் கழித்து அட்டை கொண்டுவந்தால், இடைவெளி ஏழிலிருந்து பத்து நாளாகிவிடுகிறது. அந்தப் பெண் ஒரு மாத்திரையைக்கூட மறக்கவில்லை. இருந்தும் முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் போய் எத்தனை நாள் மறந்தாய் என்று கேட்பது அறியாமையும் அநீதியும் சேர்ந்த கேள்வி.

மறதிக்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொரு தோல்வி வட ஆற்காட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, மாத்திரையின் மருந்தை ரத்தத்திலிருந்து வேகமாகக் கழித்துவிடுகிறது. 1971இல் ஜெர்மன் மருத்துவர்கள் இதை முதலில் கவனித்தார்கள். 1973இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், இரண்டு மருந்தையும் ஒன்றாகச் சாப்பிட்ட 88 பெண்களில் பெரும்பாலோருக்கு மாதவிலக்கு தாறுமாறானது. ஐந்து பேர் கருத்தரித்தார்கள். காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம் என்று உலகுக்குக் காட்டிய மையம் 1956இல் சென்னையில்தான் தொடங்கியது. அந்த மையம் 1980களின் நடுவில் ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகியகால சிகிச்சையைக் களத்தில் நடத்திப் பார்த்த மாவட்டங்களில் வட ஆற்காடு ஒன்று. ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்த மருந்து அது. அதன் அருமையைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனால் காசநோய்த் திட்டம் ஒரு பதிவேட்டோடும், குடும்பநலத் திட்டம் வேறொரு பதிவேட்டோடும் நடந்தன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணிடம், ‘இந்த மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் மாலா மாத்திரையை நம்பாதே, வேறு முறைக்கு மாறிக்கொள்’ என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எந்தப் பதிவேட்டிலும் அடங்கவில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. நாள் தவறாமல் இரண்டு மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட்ட பெண்ணே இங்கே அதிகம் ஏமாறுகிறாள்.

கோயில் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. கார்த்திகை தீபம், பௌர்ணமி கிரிவலம், வீட்டில் சபரிமலை மாலை, குலதெய்வப் படையல் என்று வந்தால் தீட்டைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது பெண்களிடையே பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒன்று. அது நார்எத்திஸ்டெரோன், மாதவிலக்கைச் சில நாள் தள்ளும், கருத்தடைக்கென்று அதை நம்பக் கூடாது. கருத்தடை மாத்திரையே அரிதான ஊரில், மாதவிலக்கோடு தொடர்புடைய மாத்திரை என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வளர்வது இயற்கை. இதற்கு முந்தைய தலைமுறையில் குழப்பம் இன்னும் ஆபத்தாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் சேர்ந்த ‘இ.பி. ஃபோர்ட்’ போன்ற மருந்துகள் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுக்கப்பட்டன. கருவைக் கலைக்கும் என்ற நம்பிக்கையிலும் வாங்கப்பட்டன. பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடின. 1982இல் வந்த தடை நீதிமன்றத்தில் முடங்கியது. உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் சென்னை உட்பட நான்கு நகரங்களில் பொது விசாரணை நடந்து, 1988இல்தான் தடை உறுதியானது. மூன்று வெவ்வேறு மாத்திரைகளை ஒரே கடை, ஒரே விளக்கமின்மையோடு விற்றபோது, எதை எதற்குச் சாப்பிட்டாள் என்று தெரியாத பெண்ணை அறிவிலி என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. எண்கள் பெண்ணின் கவனக்குறைவைத்தானே காட்டுகின்றன என்பது அது. அமெரிக்கக் கணக்குப்படி, துளி பிசகாமல் சாப்பிட்டால் ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை; நடைமுறையில் நூற்றுக்கு ஏழு பேர் கருத்தரிக்கிறார்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் பயன்படுத்துபவரின் தவறு என்று தோன்றும். ஆனால் அந்த ஏழுக்குள் அட்டை கிடைக்காத மாதமும், வாந்தி பேதியில் மருந்து தங்காத நாளும், ரிஃபாம்பிசினும் எல்லாம் கலந்தே கிடக்கின்றன. மறந்த நாட்களுக்கும் காரணம் உண்டு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக் கொட்டைக்குக் களை எடுக்கவும் நடவுக்கும் விடியுமுன் கிளம்பும் பெண்ணின் நாள், கடிகாரம் பார்த்து மாத்திரை போடும் நாள் அல்ல. கணவன் பெங்களூரிலோ சென்னையிலோ கட்டட வேலைக்குப் போய், பொங்கலுக்கும் தீபத்துக்கும் வருபவனாக இருந்தால், அவன் இல்லாத மாதங்களில் தினமும் மாத்திரை போடுவது வீண் என்று அவள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அவன் வந்த அன்று தொடங்கினால் ஏழு நாளுக்குப் பலன் உறுதியில்லை என்பதை யாரும் சொல்லாததே அநியாயம். மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் அட்டையை ஒளித்து வைப்பவள், பானையருகே ஆள் இருக்கும் நாளில் மாத்திரையை எடுக்க முடியாது. புள்ளிவிவரத்தில் இவர்கள் எல்லாரும் ஒரே பெயரில் நிற்கிறார்கள்: ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள்.

இன்னொரு வாதம்: ஆபரேஷன் வழிதான் தமிழ்நாட்டை முன்னேற்றியது, 1993லேயே சராசரிப் பிள்ளைகளின் எண்ணிக்கை 2.1க்கு இறங்கிவிட்டது, மாத்திரையைப் பற்றி இப்போது ஏன் கவலை என்பது. எண்ணிக்கை இறங்கியது உண்மை; பெண் கல்வியும், குழந்தை இறப்புக் குறைவும், சத்துணவும், சுயமரியாதை இயக்கம் விதைத்த எண்ணமும் அதில் பங்கு பெற்றன. ஆபரேஷன் என்பது பிள்ளை பெற்று முடித்தவளுக்கான வழி. கல்யாணமாகி முதல் பிள்ளையைத் தள்ளிப்போட நினைப்பவளுக்கும், முதல் பிள்ளைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருடம் இடைவெளி விட நினைப்பவளுக்கும் அது எதையும் தரவில்லை. அதோடு ஆபரேஷனும் தோற்கும். முதல் ஆண்டில் இருநூறு பேரில் ஒருவருக்குக் கரு நிற்கலாம். அந்தத் தோல்வியை மட்டும் நம் நாடு வேறு விதமாக நடத்தியது. ஹரியானா வழக்கு ஒன்றில் 2000இல் உச்ச நீதிமன்றம் அரசை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2005இல் பஞ்சாப் வழக்கில், தோல்வி மட்டுமே மருத்துவரின் அலட்சியத்துக்குச் சான்றாகாது என்று சொன்ன அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அரசு வழி காண வேண்டும் என்றும் சொன்னது. அதே 2005இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆபரேஷன் தோற்றால் 30,000 ரூபாய் என்ற அளவுக்கு இழப்பீடு ஏறியது. அரசு செய்த ஆபரேஷன் தோற்றால் யாரும் பெண்ணைப் பழிக்க முடியாது என்பதால், தோல்வி இயற்கையானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே அரசு கொடுத்த மாத்திரை தோற்றால் இழப்பீடு இல்லை, விசாரணைதான் உண்டு.

சட்டம் இந்த விஷயத்தில் நடைமுறையைவிட நெடுந்தூரம் முன்னால் போய்விட்டது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து வந்த 1971 கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை தோற்று உண்டான கர்ப்பம் பெண்ணுக்குத் தரும் மனவேதனையை, அவள் மனநலத்துக்குப் பெருங்கேடு என்றே கொள்ளலாம் என்று எழுதிவைத்தது. 1971இல் அது திருமணமான பெண்ணுக்கு மட்டும். 2021 திருத்தம் ‘எந்தப் பெண்ணும் அவள் துணைவரும்’ என்று விரித்தது. இருபது வாரம் வரை பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தே போதும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள் என்பதற்குச் சான்று கொண்டுவரச் சொல்லும் பிரிவு எதுவும் அதில் இல்லை. கணவனின் கையெழுத்தும் வேண்டியதில்லை. இதைச் சாக்காக்கிப் பொய் சொல்லிக் கருக்கலைக்க வருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாத கர்ப்பத்தோடு வரும் பெண்ணை நம்பாமல் திருப்பி அனுப்பினால் அவள் போவது எங்கே என்பதை ஊரறியும்: விவரம் தெரியாத கடைக்காரரிடமோ, முறையாகப் படிக்காதவரின் கைக்கோ. சட்டம் அவளை நம்பியது இரக்கத்தால் மட்டுமல்ல, அந்த இரண்டாவது வழியில் செத்தவர்களின் கணக்கைப் பார்த்ததாலும்தான். மாத்திரை தவறியது உடனே தெரிந்தால் கைகொடுக்க வேண்டிய அவசர மாத்திரை, 2005 முதல் நாட்டில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கலாம் என்றாகியும், தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது செய்தித்தாள்களில் பல ஆண்டுகளாகப் பதிவாகிவரும் உண்மை. தவறைத் திருத்தும் வழியை அடைத்துவிட்டுத் தவறியவளைக் குற்றம் சொல்கிறோம்.

மாத்திரையின் தோல்வியை இப்படி வெளிப்படையாகப் பேசினால், இருக்கும் சிலரும் அதை விட்டுவிடுவார்களே என்று சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் கவலைப்படலாம். கவலை நேர்மையானது, ஆனால் அனுபவம் அதற்கு எதிராக நிற்கிறது. லூப்பின் பெயர் கெட்டது பக்கவிளைவைச் சொன்னதால் அல்ல. சொல்லாமல் மறைத்து, வந்தபோது கைவிட்டதால். முன்கூட்டிச் சொல்லப்பட்ட குறையைப் பெண்கள் தாங்குவார்கள், மறைத்து வைத்த குறை அண்டை வீடுகளில் அச்சமாகப் பெருகும். அந்த அச்சங்களில் பெரியது, மாத்திரை சாப்பிட்டபடியே தரித்த பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்பது. இதற்கும் விடை இருக்கிறது. 1997 முதல் 2011 வரை டென்மார்க்கில் பிறந்த எட்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரையே சாப்பிடாதவர்களின் குழந்தைகளுக்கும், கருத்தரித்த பிறகும் தெரியாமல் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கும் பிறவிக்குறை விகிதம் ஆயிரத்துக்கு 25 என்ற அளவில் ஒன்றாகவே இருந்தது. ஆக, நாள் தள்ளிப்போனால் செய்ய வேண்டியது எளிது: சிறுநீர்ச் சோதனை செய்ய வேண்டும், கரு உறுதியானால் மாத்திரையை நிறுத்த வேண்டும், அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம் என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பெறுவதா இல்லையா என்பதை அச்சமில்லாமல் அவளே முடிவு செய்யலாம்.

தினம் போட வேண்டிய மாத்திரையே சுமை என்றால் மாற்று இந்தியாவிலேயே பிறந்திருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் சந்தைக்கு வந்த ‘சஹேலி’, ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை போட்டால் போதும். அதுவே ‘சாயா’ என்ற பெயரில் அரசின் இலவச வினியோகத்தில் சேர 2016 ஆயிற்று. கால் நூற்றாண்டுத் தாமதம், பெண் கையில் தானே வைத்துப் பயன்படுத்தும் முறைகளுக்கு இந்நாட்டுத் திட்டத்தில் இருந்த இடத்தைச் சொல்கிறது. இனி மாற வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. ஒரே அட்டையாகத் தராமல் மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருவது, எந்த மாத்திரை தவறினால் என்ன செய்வது என்பதைத் தமிழில் படமாக அட்டையோடு கொடுப்பது, காசநோய்க்கும் வலிப்புக்கும் மருந்து எழுதும் இடத்திலேயே கருத்தடை பற்றிக் கேட்பது, அவசர மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டவுடன் தருவது, இவை எல்லாம் நாளைக்கே செய்யக்கூடியவை. இவற்றுக்கு முன்னால் மாற வேண்டியது அந்த முதல் கேள்வி. மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பமான பெண் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால்தான் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால்தான் அடுத்தவளுக்கு அது நேராமல் தடுக்க முடியும். எழுபது ஆண்டுகளாக இந்தத் திட்டங்கள் பெண்ணைச் சந்தேகித்துத் தொடங்கின. அதனால் மாத்திரை எங்கே தோற்கிறது என்பதை அவளிடமிருந்து கற்கும் வாய்ப்பை அவை இழந்தன. பிள்ளை பெறுவதில் பெண்ணின் முடிவே முடிவு என்று 1930களில் இந்த மண்ணில் எழுந்த வாதம், அவள் வாக்குமூலத்தை நம்புவதில்தான் செயலுக்கு வரும்.